அறுபதாவது மாடியிலிருந்து வந்த தாய்மாமன்

நான் பொய் சொல்ல மாட்டேன். ஊசி பிடிக்கிறவன் பொய் பேசினால் கை நடுங்கும் என்று எனக்கு ஒரு பயம். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நாற்பது வருஷமாகக் காது குத்துகிறேன். குருநாதன் ஆசாரி குத்திய ஓட்டை கோணலாகப் போனது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதனால் போன ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி என்கிற தாய்மாமன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்கிறேன். கூட்டுவதற்கு அவன் இடமும் வைக்கவில்லை.

அன்றைக்குக் காது குத்த வேண்டியது நறுமுகைக்கு. ஐந்து வயதுப் பிள்ளை. மூன்று வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது, தாத்தா தவறிப்போனதில் தள்ளிப்போய்விட்டது. அவளுடைய அப்பா ராஜபாண்டி பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அவர்களுடைய குலதெய்வக் கோயில் மண்டபத்தில்தான் ஏற்பாடு. பந்தியில் முதல் சுற்று முடிந்துவிட்டது. மேளக்காரர் மூன்று டீ குடித்துவிட்டார். நான் ஊசியைத் துடைத்துத் துடைத்து அது பாதியாகத் தேய்ந்திருந்தது. நல்ல நேரம் பன்னிரண்டு வரைக்கும்தான், அதற்குமேல் எமகண்டம். மணி பதினொன்றேகால் ஆகிவிட்டது, தாய்மாமனைக் காணோம்.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கம்மலும் அவனுடைய சீராகத்தான் வரவேண்டும். மடியும் வரவில்லை, கம்மலும் வரவில்லை, போட்ட ஃபோனுக்குப் பதிலும் வரவில்லை.

ராஜபாண்டியின் அண்ணன் தவசி, நிலம் வாங்கி விற்றுக் கொடுப்பவர், ஆளும் ஒரு கால் ஏக்கர் இருப்பார். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"எத்தனை நேரம்தான் பாக்கறது? எம்மடியில வெச்சுக் குத்திருவோம். பெரியப்பன் மடி மடி இல்லையா? கம்மல் கடைவீதியில வாங்கிக்கலாம்."

வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அங்கயற்கண்ணி திரும்பினாள். நறுமுகையின் அம்மா. இளம்பரிதிக்கு அக்கா.

"எங்கப்பா வீட்ல எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான் பெரியத்தான். அவன் மடியில குத்தலன்னா எம்பிள்ளைக்குக் காது குத்தவே வேணாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நறுமுகை மட்டும், "குத்தவே வேணாம், குத்தவே வேணாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். என் ஊசியைக் காலையில் ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவள் அந்தத் தூணை விட்டு வரவில்லை.

பதினொன்று இருபதுக்கு யாரோ ஒருத்தருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான் இளம்பரிதி. கசங்கிப்போன பட்டுச் சட்டை. கழுத்தில் பெயர் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. ஆவணி வெயிலில், பல்வலிக்காரன் மாதிரி தலையைச் சுற்றிக் காது மூட ஒரு துண்டைக் கட்டியிருந்தான். பிடரியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. கலர் துண்டு, சாயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கடா போன?" என்றாள் அக்கா.

"அக்கா, சொன்னா நம்பமாட்ட."

"நம்பமாட்டோம். நீ சொல்லு" என்றார் தவசி.

"தலையில என்ன துண்டு?" என்றார் ராஜபாண்டி.

"காத்துல வந்தேன்ல மாமா, குளிரு" என்று சொல்லிவிட்டு மணையில் உட்கார்ந்தான் இளம்பரிதி. வெயிலில் பாறையே வேர்த்துக்கொண்டிருந்த நாள் அது.

ராஜபாண்டி என் காதருகில் வந்து விஷயத்தைச் சொன்னார். வேற்றுக் கிரகம், ராக்கெட், காலத்தில் முன்னே பின்னே போவது என்று கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை, சனி ஞாயிறு, ஒரே ஹோட்டலில் கூடுவார்களாம். இந்த வருஷம் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டல். சனிக்கிழமை சாயங்காலமே திரும்பிவிடுகிறேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போன மச்சினன் இப்போதுதான் வருகிறான்.

"மொதல்ல அந்த வரிசையைச் சொல்லணும்க்கா" என்று ஆரம்பித்தான் இளம்பரிதி. "உள்ள போறதுக்குப் பேர் பதிஞ்சு அட்டை வாங்கணும். நான் போய் நின்னப்ப வரிசையோட வாலு திருமங்கலத்துல இருந்துச்சு. எனக்கு முன்னாடி நின்ன பையனும் பொண்ணும் கப்பலூர் தாண்டுறதுக்குள்ள பேசிப் பழகிட்டாங்க. பழங்காநத்தம் வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் வரிசையிலயே சாப்பாடு. நாங்க ஹோட்டல் வாசலுக்கு வந்தப்ப அவங்க பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு தகராறு."

"ஒரே காலையிலயா?" என்றார் ராஜபாண்டி.

"வேகமான வரிசை மாமா."

பந்தியில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது.

"உள்ள போனதும் டிபன். இட்லி. அக்கா, நீயும் இட்லி சுடுற. நான் குறை சொல்லல. ஆனா அந்த இட்லி பஞ்சு மாதிரின்னு சொன்னா பஞ்சுக்குக் கோவம் வந்துரும். அவ்வளவு லேசு. தட்டுல வெச்சா மேல போயிருது. ஒவ்வொரு இட்லிக்கும் நூல் கட்டி, நூலைத் தட்டோட விளிம்புல முடிஞ்சுதான் குடுத்தாங்க. எனக்குப் பக்கத்து டேபிள்காரர் அவசரத்துல முடிச்சை அவுத்துட்டார். அவரோட நாலு இட்லியும் சீலிங்ல போயி ஒட்டிக்கிச்சு. ஏணி போட்டு எடுத்துக் குடுத்தாங்க."

"பின்ன எப்படிடா சாப்பிட்ட?" என்றார் தவசி.

"சாம்பார் கனம் மாமா. ஊத்தினா இறங்கிரும். கொஞ்சம் தாராளமா ஊத்துன ஒருத்தரு டேபிளோட கீழ் மாடிக்குப் போயிட்டார்."

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "அரிசி உளுந்து என்ன அளவு தம்பி?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அளக்கறதுக்கு அரிசி வேணுமா, அதான் இவன் இருக்கானே" என்றாள் அங்கயற்கண்ணி. கோபம் குறையவில்லை. ஆனால் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நான் மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தெட்டு.

"சாப்பிட்டு முடிச்சு ரூமுக்குப் போகலாம்னு லிஃப்டுல ஏறினேன். ஹோட்டலுக்கு மாடி ஆறு. லிஃப்டுல பட்டன் அறுபது."

"மிச்ச அம்பத்தி நாலு எதுக்கு?" என்றார் ராஜபாண்டி.

"அதைத்தான் நானும் கேட்டேன். லிஃப்டுக்காரர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, 'அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு சார்'னார். எனக்கு ரோஷம் வந்துருச்சு. அறுபதை அமுக்கிட்டேன். பன்னண்டுல காதை அடைச்சுது. முப்பதுல ஒரு ஏரோப்ளேன் குறுக்க வந்துச்சு, நின்னு வழி விட்டோம். அறுபதுல கதவு தொறந்தா, நிலா."

தூணுக்குப் பின்னாலிருந்து நறுமுகை முழுசாக வெளியே வந்துவிட்டாள்.

"நிலாவேவா மாமா?"

"நட்டநடு நிலா இல்ல தங்கம். நிலாவுக்கு வெளிய, புறம்போக்கு. அங்கயும் நம்ம ஆளுங்க போயிட்டாங்க. கல்லு நட்டு, கயிறு கட்டி, வரிசையாக் கொடி பறக்குது. 'வானவில் நகர், இரண்டாம் பகுதி'ன்னு போர்டு."

ராஜபாண்டி விடவில்லை. "நிலாவுல காத்தே கெடையாதுடா. கொடி எப்படிப் பறக்கும்?"

"அதுக்குத்தான் மாமா ஒரு டேபிள் ஃபேன் வெச்சிருந்தாங்க."

"கரண்டு?"

"ஹோட்டல்லேர்ந்து ஒயர் இழுத்திருந்தாங்க. நான் வந்த லிஃப்டுக்குள்ளயேதான் அந்த ஒயரும் வருது, கால் தடுக்குது."

வாத்தியார் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் தவசி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நிலம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அது எந்த உலகத்தில் இருந்தாலும் சரி.

"பட்டா இருக்கா?"

"இருக்கு மாமா. பத்திரம் பதியத்தான் கீழ வரணும்."

"ரோடு?"

"முப்பதடி ரோடு."

"தண்ணி?"

"தண்ணிதான் இல்ல. ஆனா வரும்ங்கிறாங்க."

"அப்ப எல்லா ப்ளாட்டும் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு யோசனையில் ஆழ்ந்தார் தவசி. அவர் நம்பவில்லை. ஆனால் நம்பாமலும் விட மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதெல்லாம் சனிக்கிழமை" என்றாள் அக்கா. "சாயங்காலம் ஏன் வரல?"

"அங்கதான்க்கா சிக்கல். மத்தியானம் ஒரு பேராசிரியர் பேசினார். காலத்துல பின்னாடி போறது எப்படின்னு. நல்லாத்தான் பேசினார். கடைசியில கேள்வி இருந்தா கேளுங்கன்னார். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'அய்யா, இன்னிக்கு நான் நேத்தைக்குப் போனா, நேத்து சாப்பிட்ட சாப்பாட்டை மறுபடியும் சாப்பிடலாமா, இல்ல அது ஏற்கெனவே வயித்துல இருக்குமா?' மனுஷன் அஞ்சு நிமிஷம் யோசிச்சார். மூஞ்சி வேர்த்துருச்சு. மேடைக்குப் பின்னாடி துணி போத்தி ஒரு மெஷின் வெச்சிருந்தாங்க. பேசாம அதுல ஏறி நேத்தைக்கே போயிட்டார்."

"போயி?"

"நேத்துல உக்காந்து யோசிக்கிறாராம். அவரைக் கூட்டிட்டு வர ரெண்டு பேர் போனாங்க. ரெண்டு பேரையும் காணோம்னு நாலு பேர். நாலு பேரைக் காணோம்னு ஹாலே கெளம்பிப் போயிருச்சு. கேள்வி கேட்டவன் நான், நான் போகலன்னா நல்லா இருக்குமா? போனேன். போனா, அங்க என் சேர்ல ஏற்கெனவே நான் உக்காந்திருக்கேன்!"

"அய்யோ! என்ன பண்ணுன?" என்றாள் நறுமுகை. அவள் இப்போது அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் நகந்து உக்காரப்பான்னேன். நகர மாட்டேன்ட்டான். சரியான திமிர் பிடிச்ச பய."

"அது மட்டும் உண்மையாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஏன்டா, காலையில ஏழு மணியில இருந்து இருபத்தஞ்சு தடவை ஃபோன் அடிச்சேன்" என்றார் ராஜபாண்டி. "அதையாவது எடுத்திருக்கலாம்ல?"

"மாமா, நீங்க அறிவியல் வாத்தியார். நீங்களே இப்படிக் கேக்கலாமா? நீங்க ஞாயித்துக்கிழமையில இருந்து அடிக்கிறீங்க. நான் வெள்ளிக்கிழமையில இருக்கேன். எப்படி மணி அடிக்கும்?"

வாத்தியார் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். எனக்கும் ஒரு செம்பு வேண்டியிருந்தது. மணி பதினொன்று முப்பத்தாறு. எனக்கு இரண்டு மணிக்குப் பந்தல்குடியில் இன்னொரு காது இருந்தது. எழுந்து பையை எடுத்திருக்கலாம். அடுத்து என்ன ஆச்சு என்று தெரியாமல் எப்படி எழுந்திருப்பது?

"அப்புறம் மாறுவேடப் போட்டி" என்றான் இளம்பரிதி. "மூவாயிரம் பேர். எட்டுக் கால், பதினாறு கை, வாலு, கொம்பு, எல்லாம் ரப்பரும் தெர்மாகோலும். அதுல ஒருத்தன் மட்டும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், பையில பேனா. ஆபீஸ் கிளார்க் வேஷமாம். மேடையில ஏறி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு, 'நாளைக்கு வாங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். ஹால்ல பாதிப் பேர் எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. அவ்வளவு தத்ரூபம். எனக்குத்தான் சந்தேகம் தட்டிச்சு. கிட்ட போயிப் பாத்தேன். நெசமான வேற்றுக் கிரகத்து ஆளு!"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பேனாவுக்கு மூடி இருந்துச்சு மாமா. பூமியில எந்த ஆபீஸ்ல பேனா மூடியோட இருக்கு?"

இதற்குத் தவசியே சிரித்துவிட்டார். தொப்பை குலுங்கிச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டார்.

"யாருகிட்டடா ரீல் சுத்துற? சரி, நீ என்ன வேஷம்?"

இளம்பரிதி துண்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அது... ஒரு வேஷம். முதல் பரிசு எனக்குத்தான்."

"பரிசு எங்க?"

"பெரிசு மாமா. பஸ்ஸுல ஏத்தமாட்டேன்ட்டாங்க."

"நீ பைக்குலதானே வந்த?"

"பஸ்ஸுல ஏத்தாததாலதானே பைக்கு?"

நறுமுகை இதற்குள் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். என் ஊசி பக்கத்தில் இருந்த தட்டிலேயே கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடி வந்தாயிற்று, பிள்ளையும் மடிக்கு வந்தாயிற்று, இனிமேல் கம்மல்தான் என்று நான் அங்கயற்கண்ணிக்குக் கண்ணைக் காட்டினேன். பதினொன்று நாற்பத்திரண்டு.

"கம்மலை எடுடா" என்றாள்.

அவன் பையைத் திறந்தான். பட்டுப்பாவாடை இருந்தது. பழம், வெற்றிலை பாக்கு, வளையல், மஞ்சள் குங்குமம் எல்லாம் இருந்தன. நகைக்கடைச் சிவப்பு டப்பாவும் இருந்தது. அவள் அதை வாங்கித் திறந்தாள். பஞ்சு மட்டும்தான் இருந்தது.

பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது என்ன ஆச்சுன்னா அக்கா" என்று அவசரமாக ஆரம்பித்தான் அவன். "அந்தக் கம்மல்ல சிவப்புக் கல்லு இருக்கில்ல, அது டாலடிச்ச டாலடிப்புல, செவ்வாய்ப் பக்கம் போயிட்டிருந்த ஒரு கப்பல் அதை நட்சத்திரம்னு நெனச்சு வழி தப்பி ஹோட்டல் மொட்டை மாடியில எறங்கிருச்சு. அதுலேர்ந்து ஒரு ராணி எறங்கி வந்தா. மூணு கண்ணு. காது மட்டும் கெடையாது. காதில்லாத பொம்பளை, கம்மலைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு, மூணும். 'இதை எனக்குக் குடு, ஒரு கிரகத்தையே உன் பேருக்கு எழுதித் தர்றேன்'னா. 'இது எங்கக்கா பிள்ளைக்கு, முடியாது'ன்னேன். ரெண்டு கிரகம்னா. ரெண்டாவதுல தண்ணி வசதி உண்டு. முடியவே முடியாதுன்னேன்."

"ரெண்டை வாங்கியிருக்கலாம்ல மாமா?" என்றாள் நறுமுகை.

"உன் காதுக்கு முன்னாடி ரெண்டு கிரகம் ஒரு பொருட்டா தங்கம்?"

"இப்ப எங்கடா இருக்கு கம்மல்?" என்றாள் அக்கா.

"பத்திரமா இருக்குக்கா. ஆனா எடுக்க வராது."

அங்கயற்கண்ணி டப்பாவை மூடினாள். குரல் உடைந்துவிட்டது.

"தொலைச்சிட்டேன்னு சொல்லிருடா. நான் திட்டமாட்டேன். கம்மல் போனா போகுது. ஆனா இத்தனை பேர் முன்னாடி எனக்கும் கதை விடாத."

இளம்பரிதி வாயைத் திறந்தான். அன்றைக்கு முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கண் கலங்கியிருந்தது அவனுக்கும்.

மடியில் இருந்த பிள்ளை மட்டும் அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு, "இது என்ன மாமா, பச்சையா?" என்று கேட்டுக்கொண்டே துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழு.

துண்டு கழன்று விழுந்தது. உள்ளே இரண்டு காது. பச்சை ரப்பரில், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நுனி கூராக, நரம்பெல்லாம் புடைத்து. பந்தியில் ஒரு அம்மாள், "முருகா!" என்று இலையிலேயே கையை ஊன்றிவிட்டாள்.

"பையில வெச்சா எங்கயாவது தொலைஞ்சிரும்னு பயந்துதான்க்கா என் காதுலயே போட்டுக்கிட்டேன்" என்றான் இளம்பரிதி, சின்னப் பிள்ளை மாதிரி. "சின்ன வயசுல குத்துன ஓட்டை இருந்துச்சு. போட்டுக்கிட்டு, அதுக்கு மேல இந்தக் காதை ஒட்டினேன். அவங்க குடுத்த பசை பத்தல. செருப்பு ஒட்டுற பசையைப் போட்டுட்டேன். நேத்து சாயங்காலத்துல இருந்து கழட்டப் பாக்கறேன். வென்னி ஊத்தினேன், ஷாம்பு போட்டேன், வரல. இந்தக் காதோட எப்படிக்கா மண்டபத்துக்கு வருவேன்? உம்மாமியார் வீட்டாளுங்க எல்லாம் இருக்காங்களேன்னு..."

"பரிசு?" என்று கேட்டார் தவசி, விடாமல்.

"ஆறுதல் பரிசு மாமா. ஒரு பேனா."

"மூடி இருக்கா?"

"இல்ல."

நான் எழுந்தேன். பதினொன்று நாற்பத்தேழு. தாய்மாமன் காதில் கம்மலை வைத்துக்கொண்டு வெளியே எடுக்க முடியாமல் முழிப்பதை நாற்பது வருஷத்தில் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் காது எனக்குப் பழகிய காதுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதில் ஓட்டை போட்டதே நான். அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் இந்த ஊர்க் கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோய் அடுத்த மழைக்குத்தான் திரும்பி வந்தன. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

"விளக்குக்கு வெச்ச நல்லெண்ணெயைக் கொண்டாங்க" என்றேன். "ஆளைப் பிடிக்க ஒரு கனமான ஆளு வேணும்."

தவசி மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "வாடா மாப்ள. காலையில இருந்து எம்மடி சும்மாத்தான் இருக்கு."

நறுமுகை இறங்கி இடம் கொடுத்தாள். முப்பத்திரண்டு வயது இளம்பரிதி தவசி மடியில் உட்கார்ந்தான். தவசி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் எண்ணெயை விட்டு, இடுக்கியைச் சூடு பண்ணி ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன்.

"வலிச்சா சொல்லு தம்பி."

"வலியா? எனக்கா? ஆசாரியாரே, நான் அறுபது மாடி..."

இழுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளை அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று, குத்துகிற நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவார்கள். கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மேளக்காரருக்கு ஊசி தெரியாது. 'அலறல் கேட்டா அடிங்க' என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருப்போம். அவர் காலையிலிருந்து குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்த மனுஷன்.

இளம்பரிதி போட்ட அலறலில் கெட்டிமேளம் பிளந்துகொண்டு கிளம்பியது. நாயனக்காரர் சேர்ந்துகொண்டார். பெண்கள் குலவை விட்டார்கள். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து நின்று இடது கையால் அட்சதையை வீசினார்கள். ஃபோட்டோக்காரர் தவசி மடியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஆளை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தார். பூசாரி மணி அடித்துவிட்டார். மறு காதுக்கும் இதே மரியாதை.

சிவப்புக் கல் கம்மல் இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. கல் ஒன்றுகூட அசையவில்லை. வெந்நீரில் அலசி, மஞ்சள் தண்ணீரில் போட்டேன்.

நறுமுகை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பச்சைக் காதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "மாமா அழுறாரு! அத்தாந்தண்டி மாமா அழுறாரு!" என்றாள். பிறகு தானாகவே எழுந்து, காது சிவந்து வீங்கி உட்கார்ந்திருந்த மாமனின் மடியில் ஏறினாள்.

"நான் அழமாட்டேன். குத்துங்க தாத்தா."

இளம்பரிதி அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டான். பதினொன்று ஐம்பத்தாறுக்கு வலது காது, ஐம்பத்தேழுக்கு இடது காது. அவள் சொன்ன மாதிரியே அழவில்லை. "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. அழாததால் மேளமும் அடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேளக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அடுத்த பிள்ளைக்கு எப்பங்க?" என்று கேட்டார்.

அங்கயற்கண்ணி சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன். தம்பி தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் அந்தக் கையாலேயே அவன் காதில் எண்ணெய் தடவிவிட்டாள்.

பந்தல்குடிக்குப் போகிற அவசரத்திலும் நான் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு எதிர் வரிசையில் இளம்பரிதி. அக்கா அவன் இலையில் மட்டும் பாயசத்தை இரண்டு தடவை ஊற்றினாள். அப்போது விருதுநகரிலிருந்து தாமதமாக ஒரு குடும்பம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. காது குத்து நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார்கள். இளம்பரிதிக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கறீங்க. ஹோட்டல் அறுபதாவது மாடியில ஒரு எரிகல்லு ரெண்டு காதையும் உரசிட்டுப் போச்சு. பாருங்க, சிவந்திருக்கு. ஒரு சத்தம் போட்டிருப்பனா? பாறை மாதிரி நின்னேன். நேரா இங்க வந்து..."

பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த நறுமுகை தலையைத் தூக்கவில்லை.

"பெரியப்பா மடியில உக்கார வெச்சு மாமாவுக்குக் காது குத்துனாங்க" என்றாள். "ஃபோட்டோ இருக்கு."